ஆளுக்கு எவ்வளவு?

உங்கள் வீட்டுப் பையன் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கண் சிவக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், திட்டுவதற்கு முன் ஸ்க்ரீனை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இருக்காது. பிள்ளையாண்டான் கார்த்தேஜ் நகரத்தை முற்றுகையிட்டுக் கொண்டிருக்கலாம்!

'ரோம்: டோட்டல் வார்' என்று ஒரு விளையாட்டு. பிரிட்டனின் க்ரியேட்டிவ் அசெம்ப்ளி கம்பெனி உருவாக்கியது; 2004-ல் வெளிவந்தது. ரோமானியப் படையைத் திரட்டி ஊர் ஊராகப் பிடிக்க வேண்டும். சக்கைப்போடு போட்டது. சரித்திரம் படித்த சிலருக்கு மட்டும் எரிச்சல். கதை கி.மு. 270-ல் ஆரம்பிக்கிறது. அப்போது எகிப்தை ஆண்டது டாலமி என்கிற கிரேக்க வம்சம். விளையாட்டிலோ எகிப்தியப் படை, பல நூற்றாண்டு முந்தைய ஃபாரோ கால வேஷத்தில் வந்து நின்றது! பொறுக்குமா? ஒரு கோஷ்டி சேர்ந்து, சம்பளம் இல்லாமல் வருஷக்கணக்கில் உழைத்து, 'யூரோப்பா பார்பரோரம்' என்று அதே விளையாட்டைத் திருத்தி வெளியிட்டது. அதில் ரோமானியச் சிப்பாய் லத்தீனில்தான் குரல் கொடுப்பான்!

அச்சு அசலான படைக்கு இவர்களெல்லாம் நம்புகிற ஆசாமி பாலிபியஸ். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு கிரேக்கர். அவர் கணக்கில் ஒரு லீஜியன் என்றால் 4,200 காலாட்கள். முன்னால் ஈட்டி எறிந்துவிட்டு ஓடிவர, ஏழை இளசுகளான வெலிட்டஸ். பிறகு ஹஸ்டாட்டி 1,200 பேர், பிரின்சிபஸ் 1,200 பேர். கடைசியில் ட்ரையரி, பழம் தின்று கொட்டை போட்ட 600 பேர். கூடவே 300 குதிரைகள். சினிமாவில் பார்க்கிற பட்டை பட்டையான இரும்புக் கவசம் அப்போது கிடையாது. அது அகஸ்டஸ் காலத்துச் சமாசாரம். சீஸரின் ஆட்களுக்கே சங்கிலிக் கவசம்தான். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களைக் கிறுக்கர்கள் என்று சொல்ல மாட்டேன். செத்துப்போனவர்களைத் தப்பாகக் காட்டக்கூடாது என்கிற கவலையும் ஒரு மரியாதைதானே!

சரி, ஊரைப் பிடித்தாயிற்று. விளையாட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். சும்மா எடுத்துக்கொள்வதா, மக்களை அடிமையாக்குவதா, தீர்த்துக் கட்டுவதா? மூன்று பொத்தான்கள். ஆளைக் குறைத்தால் கலக பயமும் குறையும். கையில் காபியோடு யோசித்து, ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

மறுபடி பாலிபியஸிடம் போவோம். மாசிடோனியாவை ஜெயித்த ரோமானியத் தளபதி ஏமிலியஸ் பவுலஸ், கி.மு. 167-ல் செனட்டின் உத்தரவுப்படி எபிரஸ் நாட்டில் புகுந்தார். ஒவ்வோர் ஊரிலும் தங்கம், வெள்ளியைத் திரட்டி வைக்கச் சொன்னார். அதை வாங்கிக்கொள்ள வந்தவர்கள் மாதிரி படைகள் போயின. குறித்த ஒரே நேரத்தில் கொள்ளை ஆரம்பித்தது. 70 ஊர்கள். அடிமைகளாக ஓட்டிச் செல்லப்பட்டவர்கள் 1,50,000 பேர். இந்த எண்ணைச் சொன்னவரும் அதே பாலிபியஸ்தான். அந்த வருஷம்தான் அவரும் பணயக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

இவ்வளவும் நடந்து ஒரு சிப்பாய்க்கு என்ன தேறியது? ஆளுக்குப் பதினோரு திராக்மா என்கிறார் ப்ளூடார்க். ஒரு தேசத்தையே கூறுபோட்டு இவ்வளவுதானா என்று எல்லோரும் நடுங்கிப்போனார்களாம். இல்லை, காலாளுக்கு 200 தெனாரியஸ் என்கிறார் லிவி. தொகையில்தான் தகராறு. ஓட்டிச் செல்லப்பட்ட ஒன்றரை லட்சம் பேரில் ஒருவர் பெயரைக்கூட இவர்கள் எழுதி வைக்கவில்லை.

'அட, விளையாட்டுதானே சார்! செஸ்ஸில் யானையை வெட்டினால் அழுகிறோமா?' என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால், செஸ் எதையும் 'உள்ளது உள்ளபடி' என்று சொல்லிக்கொள்வதில்லை. நான் சொல்வது அப்படியே நடந்தது என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார். பாலிபியஸின் 4,200-ஐ ஒன்று விடாமல் எண்ணி எடுத்துக்கொண்டு, 1,50,000-ஐ ஒரு பொத்தானுக்குள் அடக்கினால் அது பாதித் துல்லியம். ஜெயித்தவன் பக்கத்துப் பாதி.

அதற்காக அழுகிற குழந்தைகளை ஸ்க்ரீனில் காட்டச் சொல்கிறேனா? வேண்டவே வேண்டாம். துயரத்தை வேடிக்கைப் பொருளாக்குவது அதைவிடக் கேவலம். விளையாட்டு எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். விட்டது என்னவென்று ஆடுகிறவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று பொத்தான்தான் விளையாட்டிலேயே ரொம்ப அசலான இடமோ என்று தோன்றுகிறது. எபிரஸ் விஷயத்தில் செனட் செய்ததும் அதைத்தானே? எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்து, லாபக் கணக்குப் பார்த்து, தலையாட்டினார்கள். அவர்கள் யாரும் அந்த ஊர்களின் தெருவில் நின்று முடிவெடுக்கவில்லை.

இந்த விளையாட்டு ஆடி உங்கள் பையன் கொடுங்கோலன் ஆகிவிட மாட்டான். அந்த பயம் எனக்கில்லை. உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய கண், கீழே இறங்க மறந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. அது பையன்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. பேப்பரில் 'இத்தனை கிராமங்கள் காலி செய்யப்படும்' என்று படித்தவுடன் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? 'நமக்கு எவ்வளவு மிச்சம்?' என்றால், அந்தப் பதினோரு திராக்மாவை நாமும் கை நீட்டி வாங்கிக்கொண்டோம் என்று அர்த்தம்.