தடை கேட்டு ஜெபிக்கலாமா?



போன மாத உபவாச ஜெபத்தில் எரித்திரியா தேசத்துக்காகப் பாரத்தோடு ஜெபித்தோம். செங்கடல் ஓரத்திலுள்ள அந்த ஆப்பிரிக்க நாட்டில் 2002-ல் அரசாங்கம் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, லூத்தரன் சபைகளையும் சன்னி இஸ்லாமையும் மாத்திரம் அனுமதித்து, பெந்தெகொஸ்தே சபைகளை மூடிவிட்டது. நற்செய்திப் பாடகி ஹெலன் பெர்ஹானே 2004-ல் பிடிக்கப்பட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் காவலில் இருந்தார். சரக்கு ஏற்றும் இரும்புக் கன்டெய்னர்தான் சிறை. பகலில் கொதிக்கும், ராத்திரியில் குளிர் நடுக்கும்.

அதை நினைத்து, "ஆண்டவரே, வல்லரசுகள் அந்த தேசத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்தட்டும்!" என்று சத்தமாய் ஜெபித்தேன். முடிந்ததும் ஒரு வயதான தாயார் என்னிடம் வந்து, "ஏன் தம்பி, எல்லாத்தையும் நிறுத்தினா மொதல்ல பட்டினி கிடக்கிறது யாரு? ஜெயில்ல இருக்கிறவங்க பிள்ளைங்கதானே?" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

அரசாங்கத்திடம் நியாயம் கேட்பது பாவமா? இல்லை. பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார், இராயனுக்கு அபயமிட்டார். ஆனால் எப்படிப்பட்ட நியாயம் என்பதுதான் கேள்வி.

அமெரிக்கா 1998-ல் சர்வதேச மத சுதந்திரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2004-ல் எரித்திரியாவையும் சவூதி அரேபியாவையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. 2005-ல் எரித்திரியாவுக்கு ராணுவத் தளவாட விற்பனையை நிறுத்தியது. ஏழையின் சோற்றில் கைவைக்காமல், ஆட்சியாளரின் ஆயுதத்தில் கைவைத்த தடை அது. அது சரியே. ஆனால் ஒரு ஆலயம்கூடக் கட்ட அனுமதியாத சவூதிக்கு, தன் தேச நலனைச் சொல்லி விலக்குக் கொடுத்தது. வேண்டியவனுக்கு ஒரு படி, வேண்டாதவனுக்கு ஒரு படியா? அப்படி அளந்தால், தண்டிக்கப்படுகிறவன் எப்படி மனந்திரும்புவான்? "இது நீதியில்லை, அரசியல்" என்றுதானே சொல்லுவான்? தடை வந்தும் எரித்திரியாவின் சிறைகள் காலியாகவில்லை. விசாரணையே இல்லாமல் இன்றும் அநேகர் உள்ளே இருக்கிறார்கள்.

பிலிப்பி பட்டணத்தை நினைத்துப் பாருங்கள். அநியாயமாய் அடித்த அதிகாரிகளே நேரில் வரட்டும் என்று பவுல் உரிமையோடு கேட்டார். ஆனால் அதற்கு முந்தின ராத்திரியே சிறைச்சாலைக்காரன் வீட்டாரெல்லாரும் இரட்சிக்கப்பட்டிருந்தார்கள். நியாயத்தையும் கேட்டார், அந்த வீட்டாரையும் இழக்கவில்லை.

ஆகவே என் ஜெபத்தை மாற்றிக்கொண்டேன். அடிக்கிற கை கட்டப்படட்டும். பிள்ளைகளின் தட்டு காலியாக வேண்டாம். கன்டெய்னருக்குள் இருக்கிறவர்களுக்காகவும், வெளியே சாவி வைத்திருக்கிறவனுக்காகவும் நீங்களும் ஜெபியுங்கள்.