கோடரியைக் கழற்றும் இடம்

ஒருவருடைய குணத்தை அறிய வேண்டுமானால் அவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்துப் பார் என்பார்கள். ஒரு சமுதாயத்தின் குணத்தையும் அப்படியே அறியலாம். அதிகாரத்தை அடக்கிவைக்கும் வழிகளைப் பண்டைய ரோமானியர்கள் அளவுக்கு ஆழ்ந்து யோசித்தவர்கள் பழைய உலகில் வெகு சிலர். ஆனாலும் அவர்கள் கட்டிய குடியரசைக் கடைசியில் அதிகார வெறி அழித்தது. ஏன் அப்படி ஆயிற்று என்பது, வீடும் வேலையும் பதவியும் உடைய ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி.

மரபுக் கணக்குப்படி கி.மு. 509இல் ரோமானியர்கள் தங்கள் கடைசி மன்னனை விரட்டினார்கள். இனி எவர் கையிலும் ஆட்சி நிலையாகத் தங்கிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். ஆண்டுதோறும் கான்சல் என்ற ஆட்சித் தலைவர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இருவருக்கும் சம அதிகாரம். ஒருவர் செய்ய முனைவதை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்தால் இருவரும் இறங்கிவிட வேண்டும். பேராபத்துக் காலத்தில் சர்வாதிகாரி ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கும் ஆறு மாதம்தான் கெடு. கி.மு. 458இல் அப்படி நியமிக்கப்பட்ட சின்சினேட்டஸ், பகைவரை வென்று 16ஆம் நாளே பதவியைத் துறந்து தம் நிலத்துக்குத் திரும்பினார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

கான்சல் வெளியே கிளம்பினால் அவருக்கு முன்னால் 12 சேவகர்கள் போவார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பிரம்புக் கட்டு. அதன் நடுவே ஒரு கோடரி. பிரம்பு அடிப்பதற்கு, கோடரி தலையை வெட்டுவதற்கு. ஆனால் நகரின் புனித எல்லைக்குள் கோடரி வரக் கூடாது, கழற்றிவிட வேண்டும். ஊருக்குள் ஒரு குடிமகனுக்கு மரண தண்டனை என்றால், மக்களிடம் முறையிடும் உரிமை அவனுக்கு உண்டு. மக்கள் அவை கூடியிருக்கும்போது அந்தப் பிரம்புக் கட்டையும் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அதிகாரம் யாருடையது என்பதை எழுத்தறியாதவனும் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டான்.

எளிய மக்கள் இதோடு போதும் என்று விட்டுவிடவில்லை. கடனாலும் உயர்குடியினரின் கொடுமையாலும் நொந்தவர்கள் கி.மு. 494இல் நகரை விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் அமர்ந்தார்கள். அவர்கள் இல்லாமல் படையும் இல்லை, உழைப்பும் இல்லை. உயர்குடியினரின் அவையான செனட் இறங்கி வந்தது. மக்களைக் காக்க ட்ரிப்யூன் என்ற பதவி பிறந்தது. கான்சலின் ஆணையையும் ட்ரிப்யூன் தம் ஒரு சொல்லால் நிறுத்தலாம். அவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும். அடிபட்டவன் எந்த நேரத்தில் ஓடி வந்தாலும் அடைக்கலம் கிடைக்க வேண்டும் அல்லவா?

இத்தனை காப்பும் நகருக்குள் இருந்த சுதந்திரக் குடிமகனுக்கே கிடைத்தது. அவனுடைய வீட்டுக்குள் வேறு சட்டம். குடும்பத் தலைவனுக்கு மனைவி மக்கள்மீது இருந்த அதிகாரத்துக்குக் கெடு இல்லை; இணைப்பதவியாளர் இல்லை; தடுக்க ஒரு ட்ரிப்யூனும் இல்லை. மகனுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்திருந்தாலும், அவனே கான்சலாக இருந்தாலும், தந்தை உயிரோடு இருக்கும்வரை சட்டப்படி அவனுக்குத் தனிச் சொத்து கிடையாது. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அடிமைகளின் நிலை இன்னும் கொடியது. வழக்கில் அடிமை சாட்சி சொல்ல நேர்ந்தால், வதைத்து வாங்கிய வாக்குமூலத்தையே நீதிமன்றம் ஏற்றது. ஸ்பார்ட்டகஸ் நடத்திய அடிமைக் கலகம் கி.மு. 71இல் ஒடுக்கப்பட்டபோது, கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாக 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள்.

கடல் கடந்து வென்ற மாகாணங்களிலும் இதே கதை. அங்கே போன ஆளுநருக்கு இணையாக ஒருவர் இல்லை. அவர் கோடரியைக் கழற்ற வேண்டிய இடமும் இல்லை. கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்ட வெர்ரஸ், கோயில் சிலைகளையும் உழவர்களின் தானியத்தையும் கொள்ளையடித்தார். மெசானா நகரத்துச் சந்தையில் காவியஸ் என்பவரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கச் செய்தார். ஒவ்வோர் அடிக்கும் அந்த மனிதர், தாம் ரோமானியக் குடிமகன் என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல் அவரைக் காக்கவில்லை. இத்தாலி கண்ணுக்குத் தெரியும் கடற்கரையில் அவரைச் சிலுவையில் ஏற்றினார்கள். வெர்ரஸ் மீதான வழக்குக்காக வழக்கறிஞர் சிசரோ எழுதிய உரையில் இது பதிவாகியிருக்கிறது. அடிமைக்கு என்று ஒதுக்கிவைத்த சிலுவை குடிமகனுக்கும் வந்துவிட்டது.

இதற்குள் ரோம் நகரத்திலேயே கட்டுகள் அறுந்துகொண்டிருந்தன. நிலமிழந்த உழவர்களுக்குப் பொதுநிலத்தைப் பகிர்ந்தளிக்க முயன்ற ட்ரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸின் நோக்கம் நியாயமானது. ஆனால் தம்மைத் தடுத்த சக ட்ரிப்யூனைப் பதவியிலிருந்து இறக்கி, வழக்கத்தை அவரே மீறினார். எதிர்த்தவர்கள் அதைவிடக் கொடிய வழியில் இறங்கினார்கள். கி.மு. 133இல் செனட் உறுப்பினர்களே தடிகளோடும் உடைந்த பெஞ்சுக் கால்களோடும் பாய்ந்து, கைவைக்கக் கூடாத ட்ரிப்யூனான கிராக்கஸை அடித்துக் கொன்றார்கள். சுமார் 300 பேர் அவரோடு மாண்டார்கள். கி.மு. 88இல் தளபதி சுல்லா தம் படையோடு சொந்த நகருக்குள்ளேயே நுழைந்தார். பின்னர் கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டவைத்தார். காலியா நாட்டில் பல ஆண்டுகள் தம் விருப்பப்படி போர் நடத்திப் பழகிய ஜூலியஸ் சீசர், கி.மு. 49இல் இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைப் படையோடு கடந்தார். கி.மு. 44இல் ஆறு மாதக் கெடு போய், ஆயுள் முழுமைக்கும் சர்வாதிகாரி ஆனார். அவரைக் கொன்றும் குடியரசு பிழைக்கவில்லை.

ரோமானியக் குடியரசின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. நிலம், கடன், பெருகிய செல்வம், தளபதியையே நம்பி வாழ்ந்த படை எல்லாம் சேர்ந்தே அதைச் சாய்த்தன. அவற்றுக்கு அடியில் ஒரு பழக்கம் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தட்டிக் கேட்க ஆளில்லாத இடத்தில் கோடரியோடு நடந்து பழகியவர்கள், ஊருக்குள் வரும்போது அதைக் கழற்ற மனமில்லாமல் போனார்கள். ஏரிக்கரை முழுவதையும் உயர்த்திக் கட்டி ஓரிடத்தை மட்டும் தாழ விட்டால், நீர் அந்த வழியாகத்தான் கரையை உடைக்கும்.

நம்மில் பலரும் அப்படித்தான் வாழ்கிறோம். மேலதிகாரியிடம் அளந்து பேசுகிறோம். கீழே வேலை செய்பவரிடம் வாய்க்கு வந்ததைப் பேசுகிறோம். சங்கக் கூட்டத்தில் எல்லோர் கருத்தையும் கேட்கிறோம். வீட்டில் நாம் சொன்னதே முடிவு. நியாயம் கேட்டு மேடை ஏறும் ஒருவர், பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்குக் கூலி தர நாள் கடத்துகிறார். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று தள்ளிவிட முடியாது. எதிர்த்துப் பேச வழியில்லாதவரிடம் நாம் எப்படி நடக்கிறோமோ, அதுதான் நம் உண்மையான குணம்.

ரோமானியர்கள் தங்கள் கான்சலுக்கு விதித்த கட்டுப்பாடுகளை நாம் நமக்கே விதித்துக்கொள்ளலாம். நம்மிடம் 'வேண்டாம்' என்று அச்சமின்றிச் சொல்லக்கூடியவர் ஒருவராவது வீட்டிலும் வேலையிடத்திலும் இருக்க வேண்டும். அவர் சொன்னால் நாம் நிற்க வேண்டும். ஏற்ற பொறுப்பை எப்போது விடுவோம் என்பதை ஏற்கும்போதே தீர்மானிக்க வேண்டும். செய்ததற்குக் கணக்குச் சொல்லத் தயங்கக் கூடாது. இந்த மூன்றையும் பலர் பார்க்கும் இடத்தில் கடைப்பிடிப்பது எளிது. பிள்ளையிடம், வேலையாளிடம், நம்மையே நம்பி வாழும் முதியவரிடம் கடைப்பிடிப்பதுதான் கடினம். கடினமான அந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே அடங்கப் பழகியவர் எந்தப் பதவியில் அமர்ந்தாலும் யாருக்கும் அவரால் தீங்கு வராது.