கும்பிட்டும் ஆறாத மனம்

மாரியம்மன் சந்நிதியில் கைகூப்பி நிற்கும் ஒருத்திக்கு அம்மனைப் பற்றியே அசிங்கமான ஒரு நினைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அவள் வரவழைக்கவில்லை. வந்ததும் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். மனதாரத்தான் கேட்டோமா என்று சந்தேகம் வர, மறுபடியும் கேட்கிறாள். வீட்டுக்கு வந்து தலைமுழுகுகிறாள். முழுகியதில் ஏதோ குறை என்று தோன்ற, இன்னொரு முறை. இது பக்தியா, பாவமா, நோயா? இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில் எஹலியகொடவைச் சுற்றியுள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்வி எழுந்தால் முதலில் பூசாரியிடமோ கோடாங்கியிடமோதான் போகும். ஒரே தண்ணீர்க் குழாயைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் லயத்தில் ஒருத்தி அரை மணித்தியாலம் கை கழுவிக்கொண்டு நின்றால், வரிசையில் நிற்பவர்கள் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்துவிடுவார்கள். மருத்துவம் இதை ஓசிடி, அதாவது எண்ணச்சுழற்சி நோய் என்கிறது. சரியான பதில்தான். ஆனால் சாமி நம்பிக்கை உள்ளவளுக்கு அது பாதிப் பதில். “நோய் என்றே இருக்கட்டும், நான் நினைத்தது பாவம் இல்லையா?” என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு மதத்துக்குள் நின்றே பதில் சொல்ல முடியும் என்பதும், அந்தப் பதிலும் சிகிச்சை சொல்லும் வழியும் ஒரே திசையில்தான் போகின்றன என்பதும் என் வாதம்.

முதலில் அந்த நினைப்பைப் பார்ப்போம். லண்டனில் பணிபுரிந்த இலங்கை உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத நினைப்புகள் தாமாக மனதுக்குள் நுழைவதுண்டா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 80 வீதமானோர் உண்டு என்றார்கள். பெற்ற பிள்ளையைக் காயப்படுத்துவது போல, புனிதமான இடத்தில் கெட்ட வார்த்தை கத்துவது போல வரும் நினைப்புகள் நோயாளிக்கும் நோயற்றவருக்கும் பொது. அவற்றை எழுதிக் கலந்து வைத்தால் எது யாருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கும் சுலபமாக இருக்கவில்லை. மற்றவர்கள் “சீ, என்ன நினைப்பு” என்று தள்ளிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள். நோயாளி அதைத் தன்னைப் பற்றிய சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார், அழிக்கப் பார்க்கிறார். அழிக்கப் பார்ப்பதுதான் அதை வளர்க்கிறது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி அமெரிக்காவில் டேனியல் வெக்னர் 1987இல் நடத்திய சோதனையில், நினைப்பை அடக்க முயன்றவர்களுக்குப் பிறகு அது கூடுதலாகத் திரும்பி வந்தது. உலகில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் ஆயிரம் பேர் வாழும் ஒரு தோட்டத்தில் பத்துப் பேராவது வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளாவார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது அற்பமானதும் அல்ல. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை சேரும் என்றல்லவா நம் சமயம் சொல்கிறது? மனதால் செய்ததும் செயல்தானே? ஆம், ஆனால் ‘செய்தது’ என்பதைக் கவனிக்க வேண்டும். தோன்றுவது வேறு, செய்வது வேறு. பௌத்தம் இதை மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேதனா எனப்படும் நோக்கமே கர்மம் என்பது அங்குத்தர நிகாயத்தில் புத்தரின் வாக்காக உள்ள கருத்து. நோக்கமில்லாமல் வந்துபோனது கர்மக் கணக்கில் ஏறாது. மனதில் எழும் ஊசாட்டங்களைச் சொல்லாகவோ செயலாகவோ ஆக்காதவரை இறைவன் பொறுத்துக்கொள்கிறான் என்று நபிமொழி சொல்கிறது. கத்தோலிக்கத்தில் சோதனை பாவமில்லை. மனம் அதற்கு இசைந்தால்தான் பாவம். சைவத்திலும் விருப்பு வெறுப்போடு செய்வதே வினையாக ஒட்டும். கொழும்பிலிருந்து எஹலியகொட வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகும் நான்கு மதத்தாரும் உச்சியில் உள்ள பாதம் யாருடையது என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள். இந்த ஒரு விசயத்தில் ஒத்துப்போகிறார்கள். வந்த நினைப்பை வெறுத்துப் பதறுகிறவள் அதற்கு இசையவில்லை என்பதற்கு அவளுடைய பதற்றமே போதிய அத்தாட்சி.

நினைப்பு ஒரு பாதி என்றால் சடங்கு மறு பாதி. தம்மபத உரையில் சம்முஞ்சனி என்ற பிக்குவின் கதை இருக்கிறது. இந்த உரை இலங்கையிலிருந்த பழைய சிங்கள உரைகளை ஒட்டிப் பாளியில் எழுதப்பட்டது என்பது மரபு. அந்தப் பிக்கு எந்நேரமும் விளக்குமாறும் கையுமாக விகாரையைக் கூட்டிக்கொண்டே இருந்தார். தியானத்தில் உட்கார்ந்திருந்த ரேவத தேரரைப் பார்த்து, இவர் ஊரார் சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறாரே என்றுகூட நினைத்தார். ரேவதர் அவரைக் கூப்பிட்டு, கூட்டவே கூடாது என்று சொல்லவில்லை. காலையில் கூட்டு, பிச்சைக்குப் போய் வா, பிறகு உட்கார்ந்து தியானம் செய், மாலையில் மறுபடி கூட்டு என்று வேலைக்கு வரம்பு கட்டினார். அவரும் அப்படியே செய்து அரகத்தானார். மற்றப் பிக்குகளின் புகார்தான் வேடிக்கை: இப்போதெல்லாம் இடம் முழுக்கக் குப்பையாகக் கிடக்கிறதே! டி சில்வா தம் எழுத்துகளில் இந்தக் கதையை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்திய உரைநூலை வைத்துக்கொண்டு நோய்ப்பெயர் சூட்டுவது சரியல்ல. அந்தப் பிக்கு வெறும் சுத்தப்பைத்தியமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அளவு மீறிய நற்செயல் துறவுக்கே தடையாகும் என்பதை அந்தப் பழைய உரைகாரர் கண்டிருக்கிறார். மருந்தாக அவர் காட்டிய வழியும் கவனத்துக்குரியது. சடங்கு ஒழிக்கப்படவில்லை, எல்லைக்குள் வந்தது. குப்பை கிடக்கட்டும் என்று விடப்பட்டது.

இன்றைய சிகிச்சையும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நெடுங்காலமாக எந்த வைத்தியத்துக்கும் மசியாத இரண்டு நோயாளிகளை ஆஸ்பத்திரியில் வைத்து, அவர்கள் அஞ்சுவதை எதிர்கொள்ளச் செய்து, அதன்பின் கழுவுதல் போன்ற சடங்குகளைச் செய்யவிடாமல் தடுத்தார். இருவரும் தேறினார்கள். அதிலிருந்து வளர்ந்த முறையில் நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து, குறைந்த பயம் தருவதிலிருந்து கூடிய பயம் தருவது வரை ஒரு படிவரிசை போட்டுக்கொள்கிறார்கள். பிறகு படிப்படியாக: ஒரு முறை கழுவிவிட்டு நிறுத்துவது, மந்திரத்தில் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்காமல் முடிப்பது, கெட்ட நினைப்பு வந்தாலும் பரிகாரம் செய்யாமல் கும்பிட்டு முடித்து வெளியே வருவது. பயம் முதலில் ஏறும். எதுவும் செய்யாமல் இருந்தாலும் பின்பு தானே இறங்கும். இறங்காவிட்டாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று மனம் கற்றுக்கொள்ளும். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இந்த முறையைத் தொடங்கியவர்களில் 62 வீதமானோர் தேறினார்கள். குளோமிப்ரமின் என்ற மருந்து பெற்றவர்களில் 42 வீதம். மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 8 வீதம். ஃப்ளுவொக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளும் பலருக்கு உதவுகின்றன, ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். எல்லோருக்கும் முழுக் குணம் கிடைப்பதில்லை என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன.

“கழுவாத கையோடு கும்பிடச் சொல்கிறவன் சமயத்தைக் கெடுக்கிறான்” என்று பூசாரி ஒருவர் கோபப்படலாம். நல்ல சிகிச்சையாளர் பாவம் எதையும் செய்யச் சொல்வதில்லை. அதே கோயிலுக்கு வரும் சாதாரண பக்தர் எவ்வளவு கழுவுவாரோ அவ்வளவு போதும் என்கிறார். வேண்டுமானால் பூசாரியையே கேட்டு அந்த அளவை வைத்துக்கொள்வார். சமயப் பெரியவர்களே இதைச் செய்திருக்கிறார்கள். இயேசு சபையைத் தோற்றுவித்த இக்னேஷியஸ் லொயோலா 1522இல் மன்ரேசாவில் பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் நிம்மதி இல்லாமல் சாவைப் பற்றியே நினைக்குமளவுக்குப் போனார். இனிப் பழைய பாவம் எதையும் அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுபட்டார். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும், உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் நீக்காது என்ற விதியை வைத்து, வுழூ (தொழுகைக்கு முன் செய்யும் கழுவுதல்) முறிந்துவிட்டதோ என்று மறுகுபவரை ஐயத்தைப் பொருட்படுத்தாமல் தொழப் போகச் சொன்னார்கள். இதன் அடியில் ஒரு தத்துவ விசயம் இருக்கிறது. எண்ணச்சுழற்சி கேட்பது நிச்சயம்: கை நூறு வீதம் சுத்தமா, மன்னிப்பு நூறு வீதம் கிடைத்ததா? அந்த நிச்சயத்தை எந்தச் சாமியும் எழுதிக் கொடுத்ததில்லை. ரசீது கேட்காமல் ஒப்படைப்பதைத்தான் சரணாகதி என்கிறோம். நூறு முறை மன்னிப்புக் கேட்பவர் நம்பிக்கை மிகுந்தவராகத் தெரிகிறார், ஆனால் முதல் முறை கேட்டதை அம்மன் கேட்டிருப்பாள் என்று நம்ப அவரை நோய் விடவில்லை. சந்தேகத்தோடு எழுந்து போகப் பழக்கும் சிகிச்சை, அவருக்கு நம்பும் சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது.

மதத்தையே விட்டுவிட்டால் வம்பே இல்லையே என்று மறுபக்கத்திலிருந்து ஒருவர் கேட்பார். மதம் இல்லாதவருக்கும் இந்த நோய் வருகிறது. அவர் கிருமிக்கும் எரிவாயு அடுப்புக்கும் கதவுப் பூட்டுக்கும் பயப்படுகிறார். ஒருவருக்கு எது உயிரோ அதைத்தான் நோய் பிடித்துக்கொள்கிறது. பிள்ளையை உயிராக நினைக்கும் தாய்க்குப் பிள்ளையைப் பற்றியே வருகிறது. தீட்டு என்ற கருத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது சாதியின் கையில் ஆயுதமாக இருந்ததைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; சித்தர் சிவவாக்கியர் அதைப் போதுமான அளவு ஏசியும் விட்டார். ஆனால் பிறரைத் தீட்டென்று ஒதுக்குகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான். தன்னையே தீட்டென்று நினைப்பவளுக்குத்தான் தூக்கம் இல்லை. அந்த இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லக்கூடாது.

கோடாங்கியும் விபூதியும் கயிறும் ஆறுதல் தருவதை மறுப்பதற்கில்லை. சிக்கலே அந்த ஆறுதல்தான். அது சிறிது நேரத்துக்குத் தாங்கும், பிறகு மறுபடி கேட்க வைக்கும். “பாவமில்லை, போ” என்று புருசனோ தாயோ ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாறாக, மேலே சொன்ன சிகிச்சைக்குப் பேச்சு வேண்டும், அதுவும் தன் பாஷையில். அம்மனைப் பற்றி வந்த ஆபாச நினைப்பைத் தெரியாத சிங்களத்தில் யாரால் விளக்க முடியும்? தமிழ் பேசும் மனநல உத்தியோகத்தரைச் சப்ரகமுவ மாகாண ஆஸ்பத்திரிகளில் கேட்பது சலுகையல்ல, தமிழ் அரசகரும மொழி என்பதால் வரும் உரிமை. கோயில் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே ஆள் ஒரே பரிகாரத்தை நான்காம் முறை கேட்டு வந்தால் இன்னொரு பரிகாரம் சொல்லாதீர்கள். அம்மன் முதல் தடவையே கேட்டுவிட்டாள் என்று ஒரு முறை மட்டும் சொல்லி, ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு அனுப்பிவையுங்கள். இரத்தினபுரி போதனா ஆஸ்பத்திரியில் அது உண்டு, காசு வாங்குவதில்லை. வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.