கற்பிப்பவர் யார்?

நமது பங்கின் நடுநிலைப் பள்ளிக்கு அன்பர் ஒருவர் நன்கொடை தர முன்வந்தார். வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்து ஈட்டிய பணம். தம் தாயாரின் நினைவாக ஒரு வகுப்பறையில் தொடுதிரைப் பலகையும் கணிப்பொறிகளும் இணைய இணைப்பும் அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே கூட்டத்தில் தலைமையாசிரியையான அருட்சகோதரி மற்றொன்றையும் தயங்கித் தயங்கிக் கூறினார். கணக்கு ஆசிரியர் ஓய்வு பெற்றுச் சென்றபின் அவ்விடம் நிரப்பப்படவில்லை; அரசின் ஒப்புதல் வரும்வரை பள்ளியே ஊதியம் தந்து ஒருவரை அமர்த்த வேண்டும்; அதற்கு வழியில்லை. அன்பரின் பணத்தை அதற்குக் கேட்டுப் பார்க்கலாமே என்று எவரோ மெல்லச் சொன்னபோது, "திரையில் கணக்குப் பாடமும் வருமே, பிறகு எதற்கு இன்னோர் ஆள்?" என்று ஒருவர் விடை பகர்ந்தார். சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அது விளையாட்டாகக் கேட்கப்பட்டதே ஆயினும், கற்பிப்பவர் யார் என்னும் பழைய வினாவே மாற்றுடை அணிந்து வந்ததாகத் தோன்றியது.

பொறியைக் கண்டு அஞ்சும் மரபினர் அல்லர் நாம். 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு மறைக்கல்வி நூல். எட்டாண்டுகளுக்குப் பின் அதே அண்டிரிக் அடிகளார் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலை அச்சிட்டார். இப்பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் பொருள் தந்து உதவினர். கடலில் மூச்சடக்கிச் சேர்த்த செல்வத்தின் ஒரு பங்கு எழுத்துக்குச் சென்றது. அந்நாளில் அச்சுப்பொறி இன்றைய கணிப்பொறியைக் காட்டிலும் வியப்புக்குரியது. ஆயினும் நூல் வந்துவிட்டதே என்று உபதேசியாரை எவரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. குருவானவர் ஆண்டுக்கு ஓரிரு முறையே வந்துபோன ஊர்களில், பிள்ளைகளை அமர்த்தி வைத்து மந்திரங்களை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எந்தப் பிள்ளை எந்த வரியில் தடுமாறும் என்பது அவருக்குத் தெரியும். நூலுக்கு அது தெரியாது.

தெரியாது என்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாமா? இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டியுள்ளது.

புனித அகுஸ்தீனார் 389-ஆம் ஆண்டையொட்டி 'ஆசிரியர்' என்னும் பெயரில் ஓர் உரையாடல் நூல் எழுதினார். அவருடன் உரையாடுபவர் அவருடைய மகன் அதேயோதாத்து. அப்போது அவ்விளைஞருக்கு வயது பதினாறு. நூலில் மகன் கூறுவன யாவும் உண்மையிலேயே மகனின் சொந்தக் கருத்துகளே என்று தந்தை பின்னர் பெருமையோடு பதிவு செய்துள்ளார். அந்த மகன் நெடுநாள் வாழவில்லை. ஆகவே அந்நூலைப் படிக்கும்போதெல்லாம், தருக்க நூலாக மட்டுமன்றி, தந்தை ஒருவர் மகனுக்கு அளித்த நேரத்தின் சான்றாகவும் அது நமக்குத் தோன்றுவதுண்டு.

அதில் அவர் நிலைநாட்டும் கருத்து நம்மைத் திடுக்கிட வைப்பது. மனிதர் எவரும் எவருக்கும் உண்மையைக் கற்பிப்பதில்லை என்கிறார் அவர். சொற்கள் வெறும் குறிகள். பொருளை ஏற்கெனவே அறியாதவனுக்குக் குறி எதையும் உணர்த்தாது. அறிந்தவனுக்கோ நினைவூட்டுவதோடு நின்றுவிடுகிறது. கேட்பவன் தன் உள்ளத்தே ஒளிரும் உண்மையை நோக்கித் தானே 'ஆம், இது சரி' என்று கண்டுகொள்கிறான். அவ்வாறு உள்ளிருந்து கற்பிக்கும் ஒரே ஆசிரியர் கிறிஸ்துவே. வெளியே நின்று பேசுபவர் சுட்டிக்காட்டும் விரல் மட்டுமே.

விரல்தான் என்றால், அது சதையாலான விரலாக இருந்தால் என்ன, கண்ணாடித் திரையில் அசையும் அம்புக்குறியாக இருந்தால் என்ன? கூட்டத்தில் நகைச்சுவையாகப் பேசியவர் அகுஸ்தீனாரைத் தம் பக்கம் அழைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே! இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைவதைவிட, குருதி ஓடுவதை அசையும் படமாகக் காட்டுவது தெளிவானது என்பதை யார் மறுப்பர்? 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடங்களின் ஓரத்தில் கியூ.ஆர். கட்டங்கள் அச்சிடப்பட்டுள்ளன. கைப்பேசியால் அதை வருடினால் விளக்கப்படம் திறக்கிறது. ஓவியம் வரையத் தெரியாத ஆசிரியர்களுக்கு, அவர்கள் நம்மில் அதிகம், இது ஒரு வரம்.

எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் புனித தோமா அக்குவினார் இவ்வினாவை மீண்டும் எடுத்துக்கொண்டார். அவர் மருத்துவரை உவமை காட்டினார். நோயைக் குணப்படுத்துவது உடலின் உள்ளாற்றலே. மருத்துவர் அதற்குத் துணை செய்கிறார். அவ்வாறே அறிவது மாணவனின் உள்ளாற்றல். ஆசிரியர் அதற்குத் துணை நிற்கிறார். துணையாயினும் அது மெய்யான செயல்; ஆகவே மனிதரையும் ஆசிரியர் என்று அழைப்பது தகும். இவ்வுவமையை நாம் இன்னும் ஓரடி நீட்டிப் பார்க்கலாம். நாடி பாராமல் எல்லார்க்கும் ஒரே குளிகை தருபவரை மருத்துவர் என்போமா? நம் வகுப்பறைகளில் நடப்பது பெரும்பாலும் அதுதான். நாற்பது பிள்ளைகள், ஒரே பாடம், தேர்வுக்குள் 'போர்ஷன்' முடிய வேண்டும். ஏழாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கழித்தலே வரவில்லை என்பதை அறிய அங்கே எவருக்கும் ஓய்வில்லை.

இந்த இடத்தில் கணிப்பொறி நம்மை நாணச் செய்கிறது. தில்லியில் 2015-இல் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இது. நடுநிலை வகுப்பு மாணவர்களுள் குலுக்கலில் தேர்வானவர்கள் பள்ளி முடிந்தபின் கணிப்பொறி மையங்களுக்குச் சென்றனர். அம்மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்நிலையில் நிற்கிறது என்பதைக் கண்டறிந்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது. நான்கரை மாதங்களில் கணக்கிலும் இந்தியிலும் அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினர். பள்ளியில் ஏறத்தாழ முன்னேற்றமே காணாதிருந்த பின்தங்கிய பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். பொறி நாடி பார்த்தது, நாம் பார்க்கவில்லை. பார்வையற்ற உரையை ஆண்டுதோறும் ஒப்பிக்கும் ஆசிரியரும் ஒரு வகைப் பொறியே. அதுவும் பழுதான பொறி. (அம்மையங்களிலும் பாதி நேரமே திரை, மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரிடம் அமர்ந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்.)

பெரு நாட்டின் கதை வேறு. நம்மைப் போலவே ஏழைகள் மலிந்த அந்நாட்டில் இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. சிற்றூர்களின் 319 பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணக்கிலோ மொழியிலோ தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்ததற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை. பொருள் கொடுக்கப்பட்டது, அதைக்கொண்டு எவ்வாறு கற்பிப்பது என்பது போதிய அளவில் கொடுக்கப்படவில்லை.

நம் உள்ளத்தை மிகுதியும் தொட்டது தமிழ் பேசும் கடலோரச் சிற்றூரான காளிக்குப்பத்தில் நடந்ததுதான். 1999-இல் தில்லியில் ஒரு சுவரில் துளையிட்டுக் கணிப்பொறியைப் பதித்து, ஏழைப் பிள்ளைகள் தாமாகவே கற்பர் என்று காட்ட முயன்றவர் சுகதா மித்ரா. அதே முறையில் அமைத்த வேறு சில இடங்களில் பெட்டிகள் கைவிடப்பட்டுக் கிடந்ததாக எழுதியோரும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. காளிக்குப்பத்தில் அவர், உயிரணுக்களின் மரபுக்கூறு பற்றிய பாடத்தை ஆங்கிலத்தில் கணிப்பொறியில் இட்டு, மீனவப் பிள்ளைகளிடம் விட்டுச் சென்றார். கற்றுக்கொடுக்க எவருமில்லை. சில வாரங்களில் அவர்கள் பெற்ற மதிப்பெண் நூற்றுக்கு முப்பதளவை எட்டியது. அது வியப்புத்தான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு அவர் அவ்வூரில் தொண்டு நிறுவனக் கணக்கராகப் பணியாற்றிய இளம்பெண் ஒருவரிடம் உதவி வேண்டினார். அப்பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. தெரிந்திருக்கவும் தேவையில்லை என்றார் இவர். நம் பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் பின்னே நின்று, 'அடேயப்பா, இதை எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டேன்' என்பார்களே, அதைச் செய்தால் போதும் என்றார். அப்பெண் அவ்வாறே செய்தார். மதிப்பெண் ஐம்பதளவுக்கு உயர்ந்தது. தில்லியின் நல்ல தனியார் பள்ளி மாணவர்களுக்கு இணையாக.

அந்தப் பெண் எதைக் கற்பித்தார்? பாடத்தில் ஓர் எழுத்தையும் அல்ல. அகுஸ்தீனார் கூறிய விரலாகக் கூட அவர் இருக்கவில்லை. எந்தப் பொருளையும் அவர் சுட்டிக்காட்டவில்லை. அவர் செய்ததெல்லாம் பிள்ளைகளைப் பார்த்ததுதான். கற்பதற்கு உண்மையை மட்டுமன்றி, தான் கற்பதைக் காண ஒரு கண்ணும் பிள்ளைக்கு வேண்டியுள்ளது போலும். மாணவன் ஆசிரியரிடமிருந்து பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரை என்று நன்னூல் பகுத்துக் கூறுகிறது. முதற்காலைத் திரை தந்தது என்றே வைத்துக்கொள்வோம். எடுத்துரைக்கும் அரைப்பங்கைப் பெறுவதற்கு, கேட்க ஆள் வேண்டும் அல்லவா? அந்தப் பெண் கேட்டார். அவ்வளவே.

இன்று பொறியும் கேட்கிறதே என்பர். மெய்தான். 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, மனிதரைப் போல் உரையாடும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எவர்க்கும் எட்டும் தொலைவில் வந்துவிட்டன. நள்ளிரவிலும் சலியாமல் விடை சொல்கின்றன. 'மிக நன்று' என்று பாராட்டவும் செய்கின்றன. அப்பாராட்டுக்கும் காளிக்குப்பத்துப் பெண்ணின் பாராட்டுக்கும் சொல்லளவில் வேறுபாடில்லை. வேறுபாடு சொல்லுக்குப் பின்னால் உள்ளது. அப்பெண்ணுக்கு வீட்டில் வேலை இருந்திருக்கும். அவருக்குக் கிடைத்த மாலைப்பொழுது ஒன்றே. அதை அவர் இப்பிள்ளைகளுக்குத் தந்தார். தராமலும் இருந்திருக்கலாம். பொறிக்கு இழப்பதற்கு மாலைப்பொழுது இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவரின் பாராட்டு, பிள்ளையின் செவிக்கு எவ்வளவு இனிதாயினும், கொடை ஆகுமா என்பது ஐயமே. 2025 சனவரியில் உரோமை வெளியிட்ட 'அன்திக்குவா எத் நோவா' என்னும் ஆவணமும், ஆசிரியர் உடலோடு உடனிருப்பதனால் பிறக்கும் உறவைச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கித் தர இயலாது என்று கூறுகிறது. உயிர்ப்பின் காலையில் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மரியா, அவர் தம் பெயர் சொல்லி அழைக்கும்வரை ஆண்டவரை அறியவில்லை. அறிந்ததும் அவர் வாயினின்று எழுந்த சொல் 'ரபூனி'. ஆசிரியரே என்பது அதன் பொருள்.

பெயர் சொல்லி அழைக்க ஆளில்லாதபோது நேர்வதை நாம் கண்ணாரக் கண்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. வசதியுள்ளோர் வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி. கூலிக்குச் செல்வோர் வீட்டில் ஒன்றே. அது தந்தையோடு காலையில் போய் இரவில் திரும்பியது. வகுப்போ பகலில். கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது, நல்ல பாடங்களே. ஆயினும் எந்தப் பிள்ளை பார்க்கவில்லை என்பதைத் தொலைக்காட்சி அறியாது. இறுதியில் அரசே 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்பியது. திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிவைத்தவர்களுள் பெரும்பாலோர் அவ்வத் தெருப் பெண்களே. நமது பங்கிலும் ஓர் ஆசிரியை, தந்தையர் வீடு திரும்பும் எட்டு மணிக்காகக் காத்திருந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கைப்பேசியில் அழைத்து வருகைப் பதிவேட்டை வாசித்து வந்தார். பாடம் பத்து நிமிடமே. "உள்ளேன் டீச்சர்" என்னும் குரலைக் கேட்பதற்காகவே அழைத்தேன் என்றார் பின்னொரு நாள். கருவி அதே கைப்பேசிதான்!

எனவே நமது வினா, கணிப்பொறி வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எதன் இடத்தில் அது வருகிறது என்பதே. ஆசிரியரின் கையில் வருமாயின் நன்று. ஆசிரியரின் நாற்காலியில் வருமாயின், அந்த நாற்காலியின் ஊதியத்தை மிச்சப்படுத்தவே வருகிறது என்று ஐயுற வேண்டியுள்ளது. அதுவும் எல்லார் பிள்ளைகளுக்கும் அவ்வாறு வருவதில்லை. செல்வர் தம் பிள்ளைகளுக்குத் திரையும் வைத்து, தனிப்பயிற்சிக்கு மனிதரையும் வைத்துக்கொள்வர். ஏழைப் பிள்ளைக்குத்தான் 'இன்னோர் ஆள் எதற்கு' என்று கேட்கப்படும். அதைக் கேட்பவர்கள், வருந்திச் சொல்கிறோம், பெரும்பாலும் நாமே. நம்முடைய பிள்ளைகள் அப்பள்ளியில் பயில்வதில்லை.

நன்கொடையாளருக்கு நாம் ஒரு மடல் எழுதினோம். ஈராண்டுகளுக்குக் கணக்கு ஆசிரியை ஒருவரின் ஊதியத்தை ஏற்க இயலுமா, மீதம் இருப்பின் இரண்டு கணிப்பொறிகள் வாங்கிக்கொள்கிறோம் என்று. பத்து நாளில் விடை வந்தது. தமக்கு மறுப்பில்லை என்றும், தம் தாயாரும் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்றும் எழுதியிருந்தார். ஒன்று மட்டும் கேட்டிருந்தார்: "கணிப்பொறி அறை என்றால் வாசலில் அம்மாவின் பெயரைக் கல்லில் பொறித்திருப்பீர்கள். இப்போது எங்கே பொறிப்பீர்கள்?"

அருட்சகோதரி அம்மடலைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறார். இன்னும் விடை எழுதவில்லை.