பாட்டனார் வைத்த நிதி

உழைக்காமல் கைக்கு வந்த பணத்தைத் தன் படிப்புக்குச் செலவழிப்பது தர்மமா, சுயநலமா? லால்குடிப் பக்கம் இருந்த தாத்தாவின் நிலத்தை விற்றபோது, பேத்தியின் பங்கு என்று எனக்கும் இரண்டு லட்சத்துச் சொச்சம் வந்தது. நான் கேட்டதும் இல்லை, எதிர்பார்த்ததும் இல்லை. ஸ்ரீரங்கம் வடக்கு அடையவளஞ்சான் வீதியில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். காலைநேரத் தையலை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை வைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு, திருவாய்மொழிப் பாசுரங்களைச் சொல்லிக் கொடுக்கும் 'சந்தை' வகுப்புக்குப் போகத் தொடங்கினேன்.

நாத்தனார் நேராகவே கேட்டாள்: "அன்னதானத்துக்குக் கொடுத்திருந்தாலும் புண்ணியம் மன்னி. இந்த வயசுல பாசுரம் படிச்சு என்ன ஆகப்போறது?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடும்போதெல்லாம் வைணவ ஆசாரியர் மணக்கால் நம்பியிடமே போய் நிற்கிறேன். வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்லும் கதை இது. ஆசாரியர் நாதமுனிகளின் பேரன் யமுனைத்துறைவர் இளம் வயதிலேயே அரசவைப் பண்டிதர் ஆக்கியாழ்வானை வாதத்தில் வென்று பாதி ராஜ்யத்தைப் பெற்றார், ஆளவந்தார் ஆனார். அரண்மனை வாசலைத் தாண்டி அவரைப் பார்க்க நம்பியால் முடியவில்லை. அதனால் மடைப்பள்ளிக்காரரைப் பிடித்து, தினமும் தூதுவளைக் கீரை கொடுத்து வந்தார். தூதுவளைக்குத் தண்டிலும் முள், இலையிலும் முள். பறித்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் நம்பி கீரை கொடுப்பதை நிறுத்தினார். இலையில் கீரையைக் காணோமே என்று ராஜா விசாரித்தார். நம்பிக்கு வழி திறந்தது. "உங்கள் பாட்டனார் வைத்த நிதி என்னிடம் இருக்கிறது, ஒப்படைக்க வந்தேன்" என்றார். கீதையைச் சொல்லிக் கொடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏழு மதில்களுக்குள் அழைத்து வந்து, அரங்கனைக் காட்டி, "இதுவே அந்த நிதி" என்றார்.

இந்தக் கதையில் பாடுபட்டவர் ஆசிரியர். பாதி ராஜ்யம் வைத்திருந்தவருக்குத் தன்னிடம் எது இல்லை என்றே தெரியவில்லை. திடீர்ப் பணத்தின் ஆபத்து இதுதான்: இனி ஒரு குறையும் இல்லை என்று நம்மை நம்ப வைத்துவிடும். எனக்கு இல்லாதது எது என்று கேட்டுக்கொண்டபோது வீடோ நகையோ நினைவுக்கு வரவில்லை. மார்கழி இராப்பத்து உற்சவத்தில் ஆயிரங்கால் மண்டபத்தின் ஓரம் நின்று, கேட்ட பாசுரங்களுக்குப் பொருள் தெரியாமலே கைகூப்பி வந்த வருஷங்கள்தான் வந்தன.

சந்தையில் ஆசிரியர் ஒருமுறை சொல்லுவார். நாங்கள் இருமுறை சொல்ல வேண்டும். முதலில் ஓர் அடி, பிறகு இரண்டடி, கடைசியில் முழுப் பாசுரம். திருவாய்மொழியில் 1102 பாசுரங்கள். எத்தனை லட்சம் கொடுத்தாலும் இந்தக் கணக்கில் ஒன்று குறையாது. பெரிய கடைவீதியில் லைனிங் துணியும் ஹூக்கும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றால், அன்றைய பாடத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பணம் எனக்கு வாங்கிக் கொடுத்தது காலைப் பொழுதையும் பெரிய எழுத்துப் புத்தகத்தையும் மட்டுமே. மிச்சமெல்லாம் ஆசிரியரின் பொறுமை, என் நாக்கின் உழைப்பு.

இதே ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் நிர்ஹேதுக கிருபையை வலியுறுத்தினார்: பகவானின் அருள் நம் தகுதியைக் காரணமாக வைத்து வருவதல்ல. பணத்தை அருளோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் தகுதி பாராமல் வந்த எதையும் "எனக்கே எனக்கு" என்று இறுக்கிப் பிடிக்க எனக்கு உரிமை இல்லை என்பதை அந்தக் கொள்கையிலிருந்துதான் கற்றேன். கல்வியும் அப்படி வருவதே. நாதமுனிகள் தாம் கற்றதைச் சீடர் உய்யக்கொண்டாரிடம் ஒப்படைத்தார், அவர் மணக்கால் நம்பியிடம், நம்பி ஆளவந்தாரிடம். பிறவாத பேரனுக்காக இடையில் இருவர் காத்து வைத்திருந்தார்கள். அவர்கள் கற்றது தங்களுக்காக மட்டுமா?

ஆகவே நாத்தனாருக்கு என் பதில்: அன்னதானம் பெரிது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். தனக்கென்று கற்பது, தன்னோடு நின்றுபோனால் மட்டுமே சுயநலம். தைத்த துணி வாங்க வரும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு மாலையில் திருப்பாவை சொல்லிக் கொடுக்கிறேன். நான் ஒருமுறை, அவர்கள் இருமுறை. எதிர்பாராத பணம் வந்தவர்கள் முதலில் அதைக் கொண்டு பொழுதை வாங்குங்கள். பிறகு நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். கற்றதை யாரிடம் ஒப்படைப்பது என்று முதல் பாடத்தன்றே யோசித்து வையுங்கள்.