வேட்டை வேறு, புலால் வேறு

இல்லறத்தாரின் அறம் காலந்தோறும் புதிய வினாக்களைச் சந்திக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் எழுந்திராத வினா ஒன்று இன்று நம் இல்லங்களில் எழுந்துள்ளது. உத்திரமேரூர், வந்தவாசி, காஞ்சிபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் பிறந்து, கற்றுத் தேர்ந்து, சென்னையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் விடுமுறை நாளில் அலுவலக நண்பர்களுடன் கடற்கரைக்குச் செல்கின்றனர். அங்கே அரைநாள் வாடகைக்குப் படகு அமர்த்தி, கடலறிந்த மீனவர் ஒருவர் வழிகாட்ட, கரையை ஒட்டிய நீரில் தூண்டிலிட்டுப் பொழுதுபோக்குவது ஒரு விளையாட்டாகப் பரவி வருகிறது. சென்னைக் கடற்புறத்திலும் அந்தமான் தீவுகளிலும் இதற்கென்றே படகுகள் உள்ளன. கைபேசியில் நாளைக் குறித்து முன்பணம் செலுத்தினால் போதும். படகும் தூண்டிலும் இரையும் ஆயத்தமாக இருக்கும்.

இதனைப் பெற்றோர் கடிந்துகொள்ளும்போது இளைஞர் கூறும் மறுமொழி இதுவாகும்: “நாங்கள் மீனை உண்பதில்லை. பிடித்த மீனைக் கொல்வதுமில்லை. முள்ளை எடுத்துவிட்டு மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகிறோம். இதில் பாவம் யாது?”

இவ்வினாவைச் சினத்தால் அடக்கிவிடுதல் முறையன்று. உண்ணாமை, கொல்லாமை என்னும் இரண்டையும் காத்துவிட்டதாக அவர் மெய்யாகவே எண்ணுகிறார். நாமும் நம் மக்களுக்குச் சமண ஒழுக்கத்தைப் பெரும்பாலும் உணவு ஒழுக்கமாகவே கற்பித்து வந்துள்ளோம். தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கேட்டோமேயன்றி, உள்ளத்தில் என்ன எழுகிறது என்பதை அவ்வளவாகக் கேட்டிலோம். ஆதலின் அவருக்குக் காரணம் காட்டி விடை கூறுதல் நம் கடமையாகும்.

முதலில் ஒன்றை நினைவுகொள்வோம். இல்லறத்தார் விலக்க வேண்டிய வியசனங்கள் ஏழு என நம் ஆசிரியர்கள் வகுத்தனர். சூது, புலால், கள், பரத்தைமை, வேட்டை, களவு, பிறன்மனை விழைதல் என்பன அவை. இப்பட்டியலில் புலால் ஓரிடத்திலும் வேட்டை வேறோரிடத்திலும் நிற்பதை உற்று நோக்குக. ஊனுக்காகக் கொல்வது மட்டுமே குற்றமென அவர்கள் கருதியிருப்பின், வேட்டையைத் தனியே எண்ணியிருக்க வேண்டுவதில்லை. புலால் நாவின் பற்று. வேட்டையோ ஓர் உயிரைத் துரத்துவதிலும் அகப்படுத்துவதிலும் தோன்றும் களிப்பின் பற்று. ஒன்றைத் துறந்தவன் மற்றொன்றையும் துறந்தவனாகான். ‘நான் உண்பதில்லை’ என்பது புலாலைப் பற்றிய வினாவுக்கு விடையாகலாம். வேட்டையைப் பற்றிய வினா விடையின்றியே நிற்கிறது.

இரண்டாவதாக, இம்சையின் நால்வகையை எண்ணிப் பார்ப்போம். சமைத்தல், வீடு துலக்கல் முதலியவற்றால் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலால் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோத இம்சை. இன்ன உயிரை இன்னது செய்வேன் என்று கருதிச் செய்வது சங்கல்ப இம்சை. முதல் மூன்றையும் முற்றிலும் விலக்க இல்லறத்தானால் இயலாது. இயன்ற அளவு குறைத்தலே அவன் கடன். நான்காவதை, இயங்குயிர்கள்பால், அவன் அறவே விலக்க வேண்டும். இதுவே அணுவிரதத்தின் முதற்படி.

இவ்வேறுபாட்டை விளக்க, சோமதேவ சூரி தாம் கி.பி. 959இல் இயற்றி முடித்த யசஸ்திலகத்தில் உழவனையும் மீன்பிடிப்பவனையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். உழவனின் கொழுமுனையில் எத்தனையோ சிற்றுயிர்கள் மடிகின்றன. அவன் கருதியதோ விளைச்சலை. வலை வீசியவன் ஒரு மீனும் பெறாமல் வெறுங்கையுடன் திரும்பலாம். அவன் நாள் முழுதும் கருதியதோ மீனின் பிடிபாட்டை. வினை கருத்தைப் பற்றி நிற்கும் என்பது இதன் கருத்து. தமிழ்ச் சமணர்களாகிய நாம் பெரும்பாலும் உழவர் குடியினர். செய்யாற்றங்கரை நிலங்களிலும் ஏரிப்பாசன வயல்களிலும் ஏர் பூட்டியவர்களின் மக்கள். கைகள் முற்றிலும் தூயவை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. நம் முன்னோர் காத்தது கையின் தூய்மையை மட்டுமன்று; கருத்தின் தூய்மையை.

யசோதர காவியத்தின் கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். மாவினால் செய்த சேவலைப் பலியிட்டவனுக்கும் அவன் தாய்க்கும் பிறவிதோறும் துன்பம் தொடர்ந்தது. அங்கே குருதி சிந்தவில்லை, உயிரும் போகவில்லை. வெட்டும் எண்ணம் மட்டும் இருந்தது. மாச்சேவலுக்கே அவ்வாறெனின், உயிருள்ள மீனின் வாயில் முள்ளை ஏற்றி மகிழ்வதை ‘கொல்லவில்லையே’ என்ற ஒரு சொல்லால் கழித்துவிட முடியுமா?

மூன்றாவதாக, முன்பதிவு என்னும் செயலையே ஆராய்வோம். இம்சை நிகழும் வழிகளை நம் நூல்கள் நூற்றெட்டாகக் கணக்கிடுகின்றன. செய்யத் துணிதல், அதற்கான கருவிகளைத் திரட்டல், செய்யத் தொடங்கல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சனை, பற்று என நான்கு. இவற்றைப் பெருக்க வருவது 108. இக்கணக்கு வெறும் மனப்பாடத்துக்கு உரியதன்று. ‘அடுத்த ஞாயிறு போகலாம்’ என முடிவு செய்யும்போதே முதற்படி நிகழ்ந்துவிடுகிறது. முன்பணம் செலுத்திப் படகும் இரையும் ஏற்பாடு செய்யும்போது இரண்டாம் படி. தூண்டிலை வீசும்போது மூன்றாம் படி. அன்று கடல் கொந்தளித்துப் படகு புறப்படாமற் போயினும், முதலிரண்டு படிகளும் நிகழ்ந்தனவே. மேலும், தான் தூண்டிலைத் தொடாமல் நண்பர்களுக்காகப் பணம் மட்டும் செலுத்தியவன் ‘செய்வித்தல்’ என்பதில் அடங்குகிறான். படகில் அமர்ந்து கைதட்டியவன் ‘உடன்படுதல்’ என்பதில் அடங்குகிறான்.

இனி, ‘பிடித்து விட்டுவிடுகிறோம்’ என்ற சொல்லுக்கு வருவோம். மீனை நீரில் விட்ட ஒருவனின் கதை நம் மரபிலேயே உண்டு. சிப்ரா நதியில் வலைவீசி வாழ்ந்த மிருகசேனன் ஒரு முனிவரிடம் அறம் கேட்டான். தொழிலை உடனே கைவிட அவனால் இயலாதென அறிந்த முனிவர், வலையில் முதலில் விழும் மீனைக் கொல்லாது விடுவதாக விரதம் ஏற்கச் செய்தார். அன்று பெரிய மீன் ஒன்று அகப்பட்டது. அடையாளமாகத் துணிக்கிழிசலைக் கட்டி அதனை விட்டான். மீண்டும் அதே மீனே வந்தது. ஐந்து முறை அகப்பட்டது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையுடன் வீடு திரும்பியவனை மனைவி கதவடைத்து வெளியே நிறுத்தினாள். அன்றிரவே பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் ஐந்து பேரிடர்களினின்றும் அவன் காக்கப்பட்டான் என்பது கதை.

அவனும் மீனை விட்டான். நம் இளைஞரும் விடுகிறார். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மிருகசேனன் மீனுக்காகத் தன் உணவை இழந்தான். இவரோ தம் இன்பத்துக்காக மீனைத் துன்புறுத்தி, இன்பம் முடிந்தபின் விடுகிறார். அவன் விட்டது துறவு; இவர் விடுவது ஆட்டத்தின் கடைசிக் காட்சி. அவனுடைய விரதம் அவனை வலையினின்றும் ஒரு படி அப்பால் கொண்டு சென்றது. இவருடைய வழக்கமோ, தீங்கில்லை என்ற ஆறுதலைத் தந்து, தூண்டிலிடம் மீண்டும் மீண்டும் அழைத்து வருகிறது.

மீனுக்கு வலி உண்டா என்று ஐயுறுவார்க்கும் விடை கூற வேண்டும். மீன் ஐம்பொறியுயிர் என்பது ஜினாகமம். அறிவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 2003இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, டிரௌட் மீனின் தலையிலும் வாய்ப்புறத்திலும் ஊறுணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டியது. உதட்டில் நஞ்சோ அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் இரையெடாது, உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. அவ்வாய்வு முறையை நாம் உவந்து ஏற்கமாட்டோம். அது கண்ட உண்மையைத் தள்ளவும் மாட்டோம். அதனை வலியெனக் கொள்ளலாகாது என மறுப்போரும் அறிஞருள் உளர். எனினும் ஐயம் உள்ள இடத்தில் உயிரின் பக்கம் நிற்பதே நம் நெறி. மேலும், விடப்பட்ட மீன்களெல்லாம் பிழைப்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான கணக்கீட்டின்படி, விட்டபின் இறப்பவை சராசரியாக 18 விழுக்காடு. மீன் வகைக்கும், முள் தைத்த இடத்துக்கும், ஆழத்துக்கும் ஏற்ப இது கூடும், குறையும். சுவிட்சர்லாந்தில் 2009 முதல், விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பது சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. சமணர் அல்லாத ஒரு நாடு, உண்பதற்கெனப் பிடிப்பதைப் பொறுத்துக்கொண்டு, விளையாட்டுக்கெனப் பிடிப்பதைத் தடுத்தது சிந்திக்கத் தக்கது.

எதிர்வாதங்களில் வலியது ஒன்று உண்டு. காவிரிச் சரணாலயத்தில் பீமேசுவரி, கலிபோரே, தொட்டமாகளி ஆகிய இடங்களில் மகசீர் என்னும் பெருமீனைத் தூண்டிலிட்டுப் பிடித்து விடும் முகாம்கள் நெடுங்காலம் நடைபெற்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துள் தூண்டிலிடுதலும் வேட்டையே என்ற நிலைப்பாட்டால் அவை 2012 வாக்கில் நிறுத்தப்பட்டன. வெடி வைத்து மீன் கொல்வாரைத் தடுத்தது தங்கள் காவலே என்று அம்முகாம்களை நடத்தியோர் வாதிட்டனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. அதனை எளிதில் தள்ளலாகாது. ஆயினும் ஆற்றைக் காத்தது காவலேயன்றித் தூண்டில் முள்ளன்று. முள்ளின்றியும் காவல் இயலும் என்பதற்குச் சான்று நம் அண்டையிலேயே உள்ளது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை ஆங்கிலப் படைவீரர் விளையாட்டாகச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798 அளவில் பாதுகாப்புக்கான கௌல் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீரால் அவர்தம் வயல்கள் செழித்தன. அவர்களுக்கும் பயன் இருந்தது. ஆனால் எந்தப் பறவையின் துன்பத்திலும் அவர்கள் இன்பம் தேடவில்லை.

மற்றொரு வாதம் படகோட்டியின் பிழைப்பைப் பற்றியது. இங்கே நாம் நாவடக்கத்துடன் பேசுதல் வேண்டும். மீனவர் நமக்குக் கீழானவரல்லர். உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகளில் கோடைக்காலத்து மீன்பாசிக் குத்தகையில் இறங்குவோரும், கடலில் உயிரைப் பணயம் வைப்போரும் வயிற்றுக்காகவும் மக்களுக்காகவும் அத்தொழிலில் நிற்பவர்கள். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அவ்விழப்பைத் தாங்குவோரும் அவர்களே. மிருகசேனனிடம் முனிவர் காட்டிய பரிவே நமக்கு வழிகாட்டி. ஆனால் அவருடைய தேவையை நம் விளையாட்டுக்குத் திரையாக்குதல் தகாது. வயிற்றுக்காக வலைவீசுபவரை, களிப்புக்காகத் தூண்டிலிடப் பணம் கொடுத்து அழைப்பவர் நாமே. அவருக்கு உதவ விரும்பின், அதே வாடகையைக் கொடுத்துத் தூண்டிலின்றியே கடலுக்குச் செல்லலாம். கதிரவன் எழுவதைக் காணலாம். காற்றையும் நீரோட்டத்தையும் அவர் எவ்வாறு அறிகிறார் எனக் கேட்டறியலாம். அவருக்கு வருவாய் குறையாது, மீனுக்கும் துன்பமில்லை.

நண்பர்கள் நடுவே ‘நான் தூண்டில் தொடமாட்டேன், உங்களுக்காக அதற்குப் பணம் செலுத்தவும் மாட்டேன்’ என்று சொல்வது எளிதன்று. கேலி வரலாம், அழைப்புகள் குறையலாம். விருந்தில் புலாலை மறுப்பதைவிட இது கடினம். அதனை உலகம் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. இதனைப் பிடிவாதம் என்று கருதும். ஆயினும் பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கும் அநர்த்ததண்ட விரதம் இத்தகைய இடங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. உழவுக்கு ஒரு தேவை உண்டு. அடுப்புக்கு ஒரு தேவை உண்டு. இத்தூண்டிலுக்கு யாது தேவை?

பெற்றோர்க்கும் ஒரு சொல். ‘மீனைத் தின்றாயா?’ என்ற வினாவோடு நின்றுவிடாதீர்கள். ‘அது துடித்தபோது உன் உள்ளம் எந்தப் பக்கம் இருந்தது?’ என்று அன்புடன் கேளுங்கள். அவ்வினாவுக்கு நேர்மையாக விடை தேடும் இளைஞர் அடுத்த முன்பதிவுக்கு முன் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணமே விரதத்தின் தொடக்கம்.

அறம் வளர்க.