இடைகழியும் ஏரிக்கரையும்

தன் கையே தனக்கு உதவி என்பது நாட்டுப் பழமொழி. எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்பது பக்தர் நாவில் எளிதாக எழும் சொல். பெருமழையும் வெள்ளமும் வருங்கால் இவ்விரண்டில் எதைப் பற்றி நிற்பது என்று மயங்குவோர் பலர். பெண்ணையாற்றங்கரையில் விளங்கும் திருக்கோவலூர் திவ்யதேசத்தின் வரலாறே இம்மயக்கத்துக்கு மருந்தாக அமைந்திருப்பது கண்டாச்சிபுரச் சுற்றுவட்டத்தார் செய்த பாக்கியம்.

இருள் செறிந்த இரவு, விடாத மழை. காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வார் ம்ருகண்டு முனிவரின் ஆச்ரமத்து இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். கடல்மல்லைப் பூதத்தாழ்வார் நனைந்தபடி வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்று பொய்கையார் எழுந்து அமர்ந்தார். மயிலைப் பேயாழ்வாரும் வந்து சேரவே, இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றனர். முன்னே வந்தவர் தம் உரிமையைச் சொல்லவில்லை. பின்னே வந்தவர் கேட்க நாணவில்லை. அவ்வாறு நின்ற மூவரையும் நான்காமவர் ஒருவர் நெருக்கலானார். அந்நெருக்கம் எம்பெருமானுடையதே என்று அவர்கள் உணர்ந்தது அடியார் அனைவரும் அறிந்த செய்தி. பொய்கையார் தனியே படுத்திருந்த வரையில் அந்நெருக்கத்துக்கு இடமே இல்லாதிருந்ததைச் சிந்திக்க வேண்டும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. முனிவர் முன்னதாக ஓர் இடைகழி அமைத்திராவிடில், மூவரின் பெருந்தன்மையும் சேர்ந்து நனைந்திருக்கும். பகிர்ந்துகொள்வதற்குரிய பொருளை எவரேனும் முன்கூட்டியே ஆக்கி வைத்திருத்தல் வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் கூரையைச் செப்பனிடுவதும், அரிசி, பருப்பு, மருந்து, தீப்பெட்டி, கைவிளக்கு ஆகியவற்றைச் சேர்த்துவைப்பதும், பட்டாவையும் குடும்ப அட்டையையும் நனையாதபடி பாலிதீன் உறையிலிட்டு உயரத்தில் வைப்பதும் அவரவர் கடமை. இவற்றையும் பிறர் செய்வர் என்று காத்திருப்பதற்குப் பக்தி என்று பெயரிடலாகாது. சோம்பல் என்பதே அதன் பெயர்.

அவ்வளவில் போதுமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நெடுநேரம் நின்று பொழிந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திருக்கோவலூரிலும், அதன் எதிர்க்கரையில் கண்டாச்சிபுரம் வட்டத்தைச் சேர்ந்த அரகண்டநல்லூரிலும் வெள்ளம் புகுந்தது. இத்தகைய இரவில் சேர்த்துவைத்த அரிசிப்பானை வீட்டோடு மிதக்கும். எச்சரிக்கை கைப்பேசியில் வந்தாலும், கைப்பேசி இல்லாத மூதாட்டியின் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். நடக்க இயலாதவரைத் தூக்க இருவர் வேண்டும். எந்த வீட்டில் யார் நோய்ப்படுக்கையில் இருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு நிறைமாதம் என்பதெல்லாம் அடுத்த வீட்டார் அறிவர். அணையில் நிற்கும் அதிகாரி எங்ஙனம் அறிவார்?

ஆய்ப்பாடியில் ஏழு நாள் கல்மழை பொழிந்தபோது கண்ணபிரான் கோவர்த்தன கிரியைக் குடையாகப் பிடித்தான். மனைக்கொரு குடையாக மலையைப் பிளந்து கொடுத்தானல்லன். ஒரே மலையின் கீழ் அனைவரையும் அழைத்தான். ஆயர்களும் வெறுங்கையோடு வந்தாரல்லர். தத்தம் ஆநிரைகளையும் வண்டிகளையும் உடைமைகளையும் கூட்டிக்கொண்டே புகுந்தனர் என்று பாகவதம் பேசும்.

இவ்வட்டாரத்தார்க்கு அத்தகைய மலைக்குடை ஏரிக்கரையே. கரையில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும். முதலில் கசிவு, பின்னர் உடைப்பு. உடைந்தால் முதலில் மூழ்குவது தாழ்வில் குடியிருப்போர் வீடுகள். ஆதலால் மேட்டுத் தெருவார்க்குக் கவலை தாமதமாகவே பிறக்கும். ஊரின் குறை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. தன் வயலைக் காக்க இரவோடிரவாகக் கரையை வெட்டிவிடுபவனும் தன் கையே தனக்கு உதவி என்றுதான் எண்ணுகிறான்!

முன்னாளில் குடிமராமத்து என்னும் முறைப்படி ஊரார் கூடி ஏரிகளைப் பராமரித்தனர். அதற்கென்று சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற நேர்ந்தது எனின், மனமுவந்து வருவோர் அப்போதே குறைந்துவிட்டனர் போலும். பழைய ஊரொற்றுமையை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டுவதில்லை. மண் சுமந்தவர் ஒருவராகவும் தலைமடை நீர் பெற்றவர் வேறொருவராகவும் இருந்த ஊர்கள் உண்டு. இடைகழியில் நின்ற மூவரோ ஒருவரையொருவர் ஊரும் பேரும் கேட்டறிவதற்கு முன்பே இடம் கொடுத்தவர்கள்.

உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், ஐப்பசி மழைக்கு முன் ஒரு காலைப்பொழுதில் மேட்டுத் தெருவாரும் பள்ளத்துத் தெருவாருமாகக் கூடி, தத்தம் ஊர் ஏரிக்கரையைக் கோடி முதல் கோடி வரை நடந்து பார்த்தல் நலம். வளைகளை அடைத்து, கலங்கலை மூடியிருக்கும் சீமைக் கருவேலையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெட்டி அகற்றலாம். எந்த வீட்டுக்கு யார் ஓடுவது என்பதை அங்கேயே பேசி வைக்கலாம். மழையிரவில் கோயில் மண்டபத்தின் சாவி எவரிடம் இருக்கும் என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ள வேண்டும்.